பாலர் காப்பகத்தின் செலவைத் தாங்குவது யார்?

கொட்டாஞ்சேனையிலே பொழுது நன்றாகப் புலருமுன்பே தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. சாந்த லூசியா பேராலயத்தின் மணியும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் மணியும் காற்றிலே கலக்கின்ற அந்த வேளையில், துறைமுகத்துக்குச் செல்வோரும், செட்டியார் தெரு நகைக்கடைகளுக்குச் செல்வோரும், புறக்கோட்டைக் கடைகளுக்கும் கோட்டைக் காரியாலயங்களுக்கும் செல்வோருமாக ஐந்துலாம்புச் சந்தி வழியே மக்கள் நிறைந்து போகின்றனர். அவர்களுள் பெண்களின் தொகை சிறிதன்று. ஒரு கையிலே சாப்பாட்டுப் பெட்டியும் மறு கையிலே மூன்று வயதுப் பிள்ளையின் விரலுமாக விரைந்து நடக்கும் தாய்மாரை ஜம்பட்டா வீதியிலும் புளூமெண்டால் வீதியிலும் நாள்தோறும் காணலாம். அத்தாய்மார் ஒவ்வொருவருடைய மனத்திலும் இருப்பது ஒரே கேள்வி: "மாலை வரை இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்?"

முன்னாளிலே இக்கேள்விக்கு விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பாட்டி இருந்தாள், பெரியம்மா இருந்தாள், முற்றத்தைப் பகிர்ந்துகொண்ட அயல்வீட்டார் இருந்தனர். இன்றோ கொழும்பிலே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள், அல்லது மலைநாட்டில் இருக்கிறாள், அல்லது கனடாவிலே வேறொரு பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாடி வீடுகளின் கதவுகள் எப்பொழுதும் சாத்தியே கிடக்கின்றன. வீடு ஆற்றி வந்த பணியை இப்பொழுது வெளியிலே ஓர் இடம் ஆற்றவேண்டியிருக்கிறது. அந்த இடத்தை முன்பள்ளி என்றும், பகற்பராமரிப்பு நிலையம் என்றும், மொன்டிசோரி என்றும் பலவாறு அழைக்கிறோம். பெயர் எதுவாயினும், அதனை நடத்துவதற்குப் பணம் வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

முதலிலே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இலங்கையில் 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தனியார் துறையில் வேலைசெய்யும் தாய்மாருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை வழங்குகின்றன. மூன்றாம் பிள்ளைக்கும் அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கும் முன்பு குறைவாக இருந்த அவ்விடுமுறை, 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாளாக ஆக்கப்பட்டது. பாடசாலைக் கதவோ பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதுதான் திறக்கிறது. இடையிலே கிடப்பவை நாலரை ஆண்டுகளுக்கும் மேல். அந்த நாலரை ஆண்டுகளுக்கு அரசாங்கத்தின் நிரந்தர ஏற்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. முன்பள்ளிகள் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையே சேர்க்கின்றன. அவையும் நண்பகலோடு மூடப்பட்டுவிடும். தாயின் வேலையோ மாலையில்தான் முடிகிறது. நண்பகலுக்கும் மாலைக்கும் இடைப்பட்ட அந்த நாலைந்து மணி நேரத்தினாலேயே எத்தனையோ பெண்கள் வேலையை விட்டிருக்கின்றனர். இந்நாட்டிலே வேலைசெய்யும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கின்றனர். பெண்கள் ஆண்களுக்கு ஈடாகக் கல்வி கற்ற ஒரு நாட்டில் இந்நிலை இருப்பதற்குப் பிள்ளை பராமரிப்பு ஒரு முக்கிய காரணம் என்பதில் ஐயமில்லை.

இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டிலே, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. ஆயினும் அன்று பாலர் வகுப்பு எனப்பட்டது, ஐந்து வயதிலே பாடசாலைக்குள் தொடங்கிய அரிவரி வகுப்பேயாகும். அதற்குக் கீழ்ப்பட்ட வயதினர் அந்தப் பெருந்திட்டத்துக்கு வெளியே நின்றனர். அதற்கு முந்திய ஆண்டாகிய 1944 இல் மரியா மொன்டிசோரி அம்மையார் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து ஆசிரியைமாருக்குப் பயிற்சி அளித்துச் சென்றார். அம்முறை நகரத்துத் தனியார் பள்ளிகளிலே வேரூன்றியது. இவ்வாறாக, ஐந்து வயதுக்கு மேற்பட்ட கல்வி அரசாங்கத்தின் கடமையாகவும், ஐந்து வயதுக்குட்பட்ட கல்வி பெற்றோரின் பணப்பையைப் பொறுத்ததாகவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிரிந்துவிட்டன. அந்தப் பிரிவு இன்றும் நீடிக்கிறது.

இடையிலே சில முயற்சிகள் நடவாமலில்லை. சர்வதேசச் சிறுவர் ஆண்டாகிய 1979 இல் சிறுவர் செயலகம் அமைக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் முன்பள்ளிகளை மாகாண சபைகளின் பொறுப்பிலே வைத்தது. 2004 இல் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கான தேசியக் கொள்கை வெளியாயிற்று. 2015 இல் உலக வங்கியின் 5 கோடி டொலர் உதவியுடன் ஒரு திட்டம் தொடங்கிற்று. எனினும் நாடெங்குமுள்ள 19,000 க்கும் மேற்பட்ட முன்பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் தனியாரும், சமய நிறுவனங்களும், ஊர்ச் சங்கங்களுமேயாவர். அரசாங்கம் கொள்கை வகுக்கிறது; பதிவு செய்கிறது; மேற்பார்வை செய்கிறது. ஆனால் ஆசிரியையின் சம்பளத்தை அது கொடுப்பதில்லை. ஒரு சிறு படியையே கொடுக்கிறது. மாதம் 2,500 ரூபாவாக இருந்த அந்தப் படியோடு மேலும் 1,000 ரூபாவைக் கூட்டுவதென 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது.

இந்தப் படி எவ்வளவு தூரம் உதவும் என்பதை அறிய, எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையிலே ஓர் ஒழுங்கையில், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில், முப்பது பிள்ளைகளுடன் ஒரு பராமரிப்பு நிலையம் நடைபெறுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியைமார், ஓர் ஆயா. பிள்ளை ஒன்றுக்கு மாதம் 3,000 ரூபா வாங்கினால் மொத்த வரவு 90,000 ரூபா. வாடகை, மின்சாரம், தண்ணீர், விளையாட்டுப் பொருள், சவர்க்காரம் ஆகியவற்றுக்கு 40,000 ரூபா போனால், மிஞ்சுவது 50,000 ரூபா. அதை மூவருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு 17,000 ரூபாவும் வராது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயரும்படி சட்டம் செய்யப்பட்டது.

சரி, சட்டப்படியே 30,000 ரூபா கொடுப்பதென்று நடத்துபவர் தீர்மானிக்கிறார். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 எனச் சேர்த்தால் ஒருவருக்கு 34,500 ரூபா. மூவருக்கும் 103,500 ரூபா. ஏனைய செலவுடன் சேர்த்து 143,500 ரூபா. முப்பது பிள்ளைகளுக்குப் பிரித்தால் பிள்ளைக்கு ஏறத்தாழ 4,800 ரூபா. இரண்டு பிள்ளைகளை அங்கே விடும் தாய் மாதம் 9,600 ரூபா கட்டவேண்டும். அவளும் அதே 30,000 ரூபாச் சம்பளக்காரியாயின், சேமலாப நிதி கழிந்து அவள் கைக்கு வரும் 27,600 ரூபாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதற்கே போய்விடும். அரசாங்கத்தின் படி ஆசிரியை ஒருவருக்கு 3,500 ரூபா வீதம் முழுமையாகக் கிடைத்தாலும், அதனால் குறையக்கூடிய கட்டணம் பிள்ளைக்கு 233 ரூபா மட்டுமே.

இந்தக் கணக்கிலே வஞ்சகர் எவரும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். தாய் கட்டணம் அதிகம் என்கிறாள், அது உண்மை. ஆசிரியை சம்பளம் போதாது என்கிறாள், அதுவும் உண்மை. நடத்துபவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறார், அதுவும் உண்மையே. மூவரும் உண்மை பேசியும் மூவரும் நட்டப்படுகின்ற ஒரு வியாபாரம் இது.

ஏன் இவ்வாறு? 1966 ஆம் ஆண்டிலே வில்லியம் போமோல், வில்லியம் போவன் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலாளர் நாடகக் கலைகளையும் இசைக் கலைகளையும் பற்றி எழுதிய நூலொன்றிலே இதற்கு விளக்கம் தந்தனர். ஆலையிலே இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்பு பத்துச் சட்டை தைத்த நேரத்தில் ஐம்பது சட்டை தைக்கிறான். அவனுடைய சம்பளத்தை உயர்த்தியும் சட்டையின் விலையைக் குறைக்கலாம். ஆனால் நால்வர் கூடி வாசிக்கவேண்டிய இசையை இருவரைக் கொண்டு வாசிக்க முடியாது; அரைமணி நேர இசையைக் கால்மணியில் முடிக்கவும் முடியாது. கோயிலிலே நாதசுரக் கச்சேரிக்கும் இது பொருந்தும். குழந்தைப் பராமரிப்பும் இத்தகையதே. ஓர் ஆசிரியை எட்டுப் பிள்ளைகளைப் பார்க்குமிடத்தில் முப்பது பிள்ளைகளை ஒப்படைத்தால், அதனைத் திறமை என்று சொல்வதற்கில்லை, அது கவனக்குறைவாகும். அழுகின்ற குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு கைகள்தாம் வேண்டும். நாட்டிலே ஏனைய தொழில்களில் சம்பளம் உயர உயர, இத்தொழிலின் செலவும் உயர்ந்துகொண்டே போகும். பெற்றோரோ அந்த வேகத்திலே கட்டணம் செலுத்த இயலாதவர்கள். பிள்ளை சிறியதாய் இருக்கும் காலமே பெற்றோரும் இளையோராய், சம்பளம் குறைந்தோராய் இருக்கும் காலமுமாகும்.

நிற்க, பணத்தட்டுப்பாடு ஆள்தட்டுப்பாடாக மாறுவதைப் பார்ப்போம். க.பொ.த. உயர்தரம் படித்து, திறந்த பல்கலைக்கழகத்திலோ வேறு நிறுவனத்திலோ முன்பள்ளி ஆசிரியப் பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண், புடைவைக் கடையிலே காசாளராகச் சேர்ந்தால் கூடுதலான சம்பளம் கிடைக்கும் என்று கண்டால் எத்தனை காலம் பொறுத்திருப்பாள்? ஓய்வூதியம் இல்லை, பதவி உயர்வு இல்லை, பாடசாலை ஆசிரியருக்குரிய மதிப்பும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிற்று. பழைய சம்பளத்தைக் கொண்டு அக்காலத்தைக் கடப்பது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியை போய்விட்டால் வேறொருத்தி வருவாள் என்று எண்ணலாம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அவள் வெறும் ஆசிரியை அல்லள். காலையிலே தாயின் சேலையை விட்டு யாருடைய கையைப் பற்றிக்கொண்டதோ அந்த ஆள். அந்த முகம் ஆண்டுக்கு இருமுறை மாறினால், பிள்ளை மீண்டும் மீண்டும் புதியவரை நம்பப் பழகவேண்டியிருக்கிறது. சொல் வளர்வதும் மனம் திறப்பதும் பழகிய முகத்தின் முன்னிலையிலேதான்.

சம்பளம் ஆளை எவ்வாறு இழுக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. போர் முடிந்தபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைமார் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். மாகாணக் கல்வித் துறையின் கீழிருந்தோர் பெற்ற படியைவிட அவர்கள் பெற்ற சம்பளம் பன்மடங்காகும். பாதுகாப்புத் துறையைச் சார்ந்த ஒரு திணைக்களத்துக்குப் பாலர் பள்ளியிலே என்ன வேலை என்று எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பேயாகும். எனினும் அந்தச் சம்பளத்தை விட்டு வெளியேறும்படி அப்பெண்களைக் கேட்பதும் எளிதாயிருக்கவில்லை. அரசாங்கத்தின் ஒரு கையினால் சம்பளம் கொடுக்க முடியுமாயின், உரிய கையினால் ஏன் கொடுக்க முடியாது என்ற கேள்வியே இதிலிருந்து பிறக்கிறது.

மலைநாட்டுத் தோட்டங்களிலே வேறொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கொழுந்தெடுக்கும் பெண் மலைக்கு ஏறுமுன் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுச் செல்வாள். அதன் செலவு தாயினுடையதன்று, தோட்டத்தினுடையது. கொழுந்தெடுக்கப் பெண்கள் வராவிட்டால் தேயிலை இல்லை என்பதைத் தோட்ட நிர்வாகம் அறிந்திருந்ததே அதற்குக் காரணம். இடவசதியும் பராமரிப்பும் குறைந்தனவாகவே பல காம்பராக்கள் பன்னெடுங்காலம் இருந்தன. 1992 இல் நிறுவப்பட்ட பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் கீழ் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் பெற்று, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் நியமிக்கப்பட்டனர். குறைகள் இன்னும் பல. ஆயினும், உழைப்பின் பயனைப் பெறுவோர் பராமரிப்பின் செலவிலும் பங்குகொள்ள வேண்டும் என்னும் நியதி அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பெண்களை வேலைக்கு வைத்திருப்போர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்கவேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டத்திலும் ஏற்பாடு உண்டு. நகரத்துக் கடைகளிலும் காரியாலயங்களிலும் அந்த நியதி வேரூன்றவில்லை. பத்துப் பெண்கள் வேலைசெய்யும் நகைக்கடை தனியே ஒரு காப்பகம் நடத்துவது இயலாததே. ஆனால் ஒரு தெருவிலுள்ள கடைகள் யாவும் சேர்ந்தால் இயலும்.

அண்டை நாடாகிய இந்தியாவிலே 1975 ஒக்டோபர் 2 இல், 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று ஊர்தோறும் அங்கன்வாடி இருக்கிறது. தமிழ்நாட்டிலே 1982 இல் எம். ஜி. ஆர். அரசாங்கம் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பாடசாலை செல்லாத சிறு குழந்தைகளுக்கும் உணவளித்தது. ஆனால் அங்கும் ஊழியரை மைய அரசாங்கம் கௌரவத் தொண்டர் என்றே அழைத்தது. சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்றே சொல்லிற்று. மைய அரசாங்கம் வகுத்த அத்தொகை 2018 இல் மாதம் 3,000 ரூபாவிலிருந்து 4,500 ரூபாவாக உயர்ந்தது. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற பெயரில் கூடுதலாக வழங்குகிறது. 2022 இல் இந்திய உயர் நீதிமன்றம், இவ்வூழியருக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. தொண்டு என்ற சொல்லை வைத்துக்கொண்டு முழுநாள் வேலை வாங்குவது நெடுநாள் செல்லாது என்பதே அதன் பொருளாகும்.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997 இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பை வழங்கத் தொடங்கிற்று. எஞ்சிய செலவை மாகாண அரசாங்கம் ஏற்றது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் தொகை தெளிவாகக் கூடிற்று. ஆனால் இடங்கள் விரைவாகப் பெருகியபோது தரம் அவ்வேகத்தில் உயரவில்லை. பிள்ளைகளின் நடத்தையிலே சில குறைகள் காணப்பட்டதாகப் பின்வந்த ஆய்வொன்று எச்சரித்தது. இதற்கு மாறாக, 1962 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 123 வறிய பிள்ளைகளை வைத்து நடத்தப்பட்ட பெரி முன்பள்ளி ஆய்விலே, பாடசாலை ஆசிரியத் தகுதி பெற்றோரே கற்பித்தனர்; ஒருவருக்கு ஆறு பிள்ளைகள் அளவிலேயே ஒப்படைக்கப்பட்டனர். அங்கே பயின்றோர் நாற்பது வயதிலும் கூடிய வருவாயும் குறைந்த குற்றமும் உடையோராய் இருந்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொதுப்பணம் கட்டடத்துக்கு மட்டும் போனால் போதாது, ஆசிரியையின் கைக்குப் போகவேண்டும் என்ற பாடம் கிடைக்கிறது.

இதற்கு வழி புதிதாகத் தேடவேண்டியதில்லை. 1960 ஆம் ஆண்டு வரை இலங்கையின் பெரும்பாலான தமிழ்ப் பாடசாலைகள் உதவி பெறும் பாடசாலைகளாக இருந்தன. கட்டடமும் நிர்வாகமும் சைவ, கிறித்தவ சபைகளுடையன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. அம்முறையிலே குறைகள் இருந்தன. எனினும், தனியார் தொடங்கிய பள்ளியில் தகுதி வாய்ந்த ஆசிரியர் நிலைத்து நிற்க அரசாங்கப் பணம் துணைசெய்ய முடியும் என்பதை அது காட்டிற்று. முன் சொன்ன கணக்கிலே, இரண்டு ஆசிரியைமாரின் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றால் 69,000 ரூபா குறையும். பிள்ளையின் கட்டணம் 2,500 ரூபாவுக்குள் அடங்கும். ஆசிரியைக்கும் சட்டப்படியான சம்பளம் கிடைக்கும். அதற்கு ஈடாக, பயிற்சி பெற்றவரையே நியமிப்பது, பிள்ளைகளின் தொகைக்கு எல்லை வைப்பது, கணக்கைத் திறந்து காட்டுவது, மாலை வரை கதவைத் திறந்து வைப்பது என்னும் நிபந்தனைகளை அரசாங்கம் விதிக்கலாம்.

கடன்பட்ட நாட்டிலே இதற்குப் பணம் ஏது என்று கேட்போர் உளர். கேட்கத்தக்க கேள்வியே. எல்லாம் ஒரே நாளில் நடவாது. வறுமை மிக்க வட்டாரங்களில் தொடங்கி ஆண்டுதோறும் விரிக்கலாம். வேலைக்குச் செல்ல முடிந்த தாய் சம்பாதிக்கிறாள், செலவு செய்கிறாள், வரி செலுத்துகிறாள், சேமலாப நிதியும் சேர்க்கிறாள். ஆகவே போட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. பிள்ளையில்லாதோர் ஏன் இதற்கு வரி கொடுக்கவேண்டும் என்று கேட்போரும் உளர். அவர்கள் முதுமையடையும்போது மருந்து கொடுக்கும் தாதியும், பேருந்து ஓட்டும் சாரதியும் இன்று ஏதோ ஒரு பாலர் பள்ளியிலே மணலில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளேயன்றோ? தாய் வீட்டிலிருந்து பிள்ளையை வளர்ப்பதே நன்று என்பாரும் உளர். அவ்வாறு வளர்க்க விரும்பும் தாயை எவரும் தடுக்கவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் வீட்டு வாடகையும் அரிசி விலையும் அவளுடைய விருப்பத்தைக் கேட்டு ஏறுவதில்லை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முதுமொழி. ஐந்து வயதுக்கு முந்திய காலத்தின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்த ஐந்து ஆண்டுகளிலே பிள்ளையை வளைக்கும் கைக்குக் கூலி கொடுக்க மட்டும் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மாலை வேளையில் தன் பிள்ளைக்காகக் காப்பக வாசலில் வந்து நிற்கும் தாய்க்கும், காலையில் இருந்து அப்பிள்ளையைப் பார்த்துக் களைத்து நிற்கும் ஆசிரியைக்கும் இடையே இன்று கட்டணச் சீட்டு ஒன்று கைமாறுகிறது. அதில் எழுதப்பட்ட தொகையை அவ்விருவர் மட்டுமே சுமப்பதா, ஊரும் நாடும் சேர்ந்து சுமப்பதா என்பதை முடிவு செய்வது பொதுமக்களின் கையிலேயே இருக்கிறது.